சன்ஷேடு

களியக்காவிளையில் ஒன்பது வருடமாய்ப் பூட்டிக் கிடக்கும்
ஜவுளிக்கடையைக் காட்ட
வில்பிரட் கொண்டுவந்தது மூன்று சாவி.
மூன்றும் சேரவில்லை.
ஷட்டரின் அடியில் துரு தின்ற ஓட்டையில் கைவிட்டு
உள்கொண்டியை அவரே நீக்கினார்.
"பாதுகாப்பான இடம் கேட்டியளா" என்றார், சிரிக்காமல்.

உள்ளே டிரையல் ரூம் கண்ணாடி மட்டும் முழுசாய் இருந்தது.
அதில் ஒரு பொம்பளை,
ஐம்பத்திரண்டு வயது, கையில் டார்ச்,
பத்துக்குப் பன்னிரண்டு வாடகைக் கடையில்
பதினேழு வருடம் குடை விற்றவள்.
குடை விற்றவளுக்கு ஒழுகுகிற கட்டிடம்.
ஊர் சிரிக்கும். சிரித்துக்கொள்ளட்டும்,
வாடகை ஏற்றியபோது ஊர் வந்து பேசவில்லை.

சசிதரன் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்.
நல்ல தூண் கணீரென்றது.
நாலாவது தூண்
பழுத்த சக்கையைத் தட்டியதுபோல் பொத்தென்றது.
"உள்ள கம்பி வீங்கிட்டு.
பத்து வருஷமும் நிக்கும். நாளைக்கும் விழும்."
ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு
எது என்று சொல்லாமல் போனார்.

தாய்ப்பத்திரம் மலையாளத்தில்.
ஊர் அந்தப் பக்கம் இருந்த காலத்துத் தாள்.
தங்கப்பன் குமாஸ்தா கண்ணாடியை மாற்றி மாற்றி வாசித்தார்:
தெற்கு எல்லை, ஒரு பிலாமரம்.
பிலாமரம் நின்ற இடத்தில் இப்போது
கோழிக்கடைக்காரரின் கழிவுத்தொட்டி.
மரம் இன்னும் வடக்கே நின்றது என்று அவர் சொன்னால்?
வெட்டிய மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

வாரிசு ஏழு. ஆறு கையெழுத்து தயார்.
ஏழாமவர் மஸ்கட்டில், போன் எடுப்பதில்லை.
முன்சுவரில் மஞ்சள் பெயின்டில் ஓர் எண், ஓர் அம்பு.
"அது பழைய சர்வே, கைவிட்டாச்சு" என்றார் வில்பிரட்.
தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் பழசுதான்.
ஆனால் அம்பு உள்பக்கம் பார்த்தே நிற்கிறது.

பேங்க் வேல்யூவர் இடத்துக்கு ஒரு தொகை எழுதி
கட்டிடத்துக்கு நேரே சைபர் போட்டார்.
அறுபத்தெட்டு லட்சத்தில்
எத்தனை லட்சம் அந்த சைபருக்குள் போகிறது?
"பேசாம டெபாசிட்ல போட்டா நிம்மதியா தூங்கலாம்"
என்ற டென்னிசன்தான்
அன்று விடிய விடியப் புரண்டுகொண்டிருந்தார்.

இடவப்பாதி தொடங்கிய திங்கட்கிழமை
யாரிடமும் சொல்லாமல் எதிர் டீக்கடையில் நின்றேன்.
பஸ் ஸ்டாப்பை இருநூறு அடி தள்ளிப் போட்டார்கள்,
அதோடு ஜவுளிக்கடை செத்தது என்றார் டீ ஆற்றுகிறவர்.
உண்மைதான். அரைமணி நேரமாய் அங்கே ஒரு நாய் மட்டும்.

மழை இறங்கியது.
பாறசாலை போகிறவர்கள், மார்த்தாண்டம் போகிறவர்கள்,
மீன் சருவம், ஸ்கூல் பை, ஒரு மெத்தை,
எல்லாம் அந்த சன்ஷேடுக்குக் கீழே.
முப்பத்தொரு பேர்.
குடை இல்லாதவர்கள் பத்தொன்பது.
குடை முந்நூற்றைம்பது என்று
மனசு பெருக்கத் தொடங்கியபோதுதான்
மேலே பார்த்தேன்.

சன்ஷேடு முனையில் சிமென்ட் உரிந்து
நாலு கம்பி, விலா எலும்பு மாதிரி.
அதற்கு நேர் கீழே ஒரு பையன்
சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

லாரிக்குக் குறுக்கே ஓடினேன்,
குடையை டீக்கடையிலேயே விட்டுவிட்டு.
"கீழ நிக்காதீங்க! தள்ளி, செவுத்தோட ஒட்டி நில்லுங்க!"
எல்லோரும் நகர்ந்தார்கள். மெத்தை கடைசியாக.
மீன் சருவக்காரி கேட்டாள்:
"சேச்சி, இது நிங்ஙடெ கெட்டிடமாணோ?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
"இன்னும் கொஞ்சம் உள்ள போங்க" என்றேன்.

அன்றைக்கு ஒன்றும் விழவில்லை.
நனைந்த கையோடு வில்பிரட்டைக் கூப்பிட்டு
சன்ஷேடை இடிக்கிற கூலி
விலையில் கழியணும் என்றேன்.
போனில் ரொம்ப நேரம் மழை மட்டும் கேட்டது.
அவர் எங்கேயோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.